நான்காவது குழாய்ச் சேறு

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கடலடிச் சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன். சேற்றில் இரும்பும் மாங்கனீசும் பாஸ்பேட்டும் மண்ணுக்கும் நீருக்குமாக எப்படிப் போய்வருகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. "இங்க ஏதுங்கம்மணி கடலு?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

பேராசிரியர் அலைந்து திரிந்து ஓர் ஆய்வுக்கப்பலில் இடம் வாங்கி, அரபிக்கடலின் அடியிலிருந்து நான்கு குழாய்ச் சேறு எடுத்துவந்தார். ஐஸ் பெட்டிகளில் போத்தனூருக்கு ரயிலில் வந்த அவற்றை, நானும் ஆய்வக அட்டெண்டர் அண்ணனும் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். அண்ணன் கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வருபவர். நைட்ரஜன் சிலிண்டர் அவர் பொறுப்பு.

காற்றுப் படாத கறுப்புச் சேற்றில் இரும்பும் பாஸ்பேட்டும் நீரில் கரைந்திருக்கும். காற்றுப் பட்டால் இரும்பு துருவாகி, பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு படிந்துவிடும். அதனால் நைட்ரஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் கையைவிட்டுத்தான் சேற்றை வெட்ட வேண்டும். ஒரு குழாய்க்கு ஒரு பகல் முழுக்க ஆகும்.

நான்காவது குழாயை வெட்ட வேண்டிய நாளன்று மாலை வெள்ளகோவிலில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அண்ணன் பையை நிரப்பிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். குழாயை வெளியே மேசைமேல் வைத்தே வெட்டினேன். சேற்றின் ஓரம் கண்முன்னே பழுப்பேறியது. சேற்று நீரை வடிகட்டி, புட்டிகளில் அடைத்து லேபிள் ஒட்டிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை அளந்தால் கரைந்த இரும்பே இல்லை. பாஸ்பேட்டும் பேருக்குத்தான் இருந்தது.

பேராசிரியர் அண்ணனிடம் திரும்பினார். "பைக்குள்ள காத்துப் புகுந்திருக்குதுங்க. சரியாப் பாத்தீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பாத்துத்தானுங்க பைய நெரப்புனேன்... எங்கியாச்சும் ஓட்டை இருந்துச்சோ என்னமோங்க."

அடுத்த மாதம் அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். கப்பலில் மறுபடி இடம் கிடைக்கவில்லை. மூன்று குழாய்களை வைத்தே பட்டம் வாங்கினேன்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அண்ணன் பெயரையும் போட்டிருந்தேன். அதைக் காட்டும் சாக்கில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஸ்டோருக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எம்பேருதானுங்களா அம்மணி? ஊட்டுல ஒருக்கா காட்டிப்போட்டுத் தாரேனுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த நாலாவது குழாயி எங்கையாலதான் கெட்டுப்போச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

அன்றைக்கு அவர் பார்த்த பார்வையை, என்மேல் உள்ள சந்தேகம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா," என்றேன். மன்னிப்பதுபோல.

ஸ்டோரிலிருந்தே அவர் ஓய்வு பெற்றார். கடைசிவரை நான் சொல்லவில்லை.