டிலானியை வளர்க்கிற தொழில்

கடலுக்குப் போகிறவன் காற்றடிக்கிற நாளில் வீட்டில் படுத்திருக்கலாம். டிலானியை வளர்க்கிற தொழிலில் அப்படி ஒரு நாள் கிடைப்பதில்லை. நான் நெடுந்தீவில் வலை போட்டுப் பிழைக்கிறவன். டிலானி என் இளைய மகள். அவளை வளர்க்கிற வேலையை நானும் மனைவி திரேசாவும் ஒன்றாகத்தான் தொடங்கினோம். இப்போது நான் தனியாகப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சிரிக்கிற பிள்ளைகள்

பிறந்த கிழமையே டிலானிக்கு டவுன் சின்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள். பயந்துபோயிருந்த எங்களுக்கு எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகள் சரியான அன்பான பிள்ளைகள், எப்போதும் சிரிப்பார்கள், யாரைக் கண்டாலும் ஓடிவந்து கட்டிப்பிடிப்பார்கள் என்றார்கள். நாங்கள் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தோம். டிலானி வளர்ந்தாள், நடந்தாள். சிரிப்பு மட்டும் வரவில்லை. தூக்கினால் உடம்பை வில் மாதிரி வளைத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

பட்டணத்துக் கிளினிக்கில் இதே மாதிரி ஒரு பையனோடு ஒரு தாய் வந்திருந்தா. அவன் வந்த வேகத்தில் திரேசாவின் மடியில் ஏறி இருந்து கன்னத்தில் கொஞ்சினான். திரேசா அவனை விடவே இல்லை. டிலானியோ சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் கையை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தா. பிறகு மெல்லிய குரலில் திரேசாவிடம் கேட்டா: "அக்கா, உங்கட பிள்ளைக்கு எங்களைப் பிடிக்கேல்லையோ?"

இரண்டாவது பெயர்

அதற்குப் பிறகுதான் வேறொரு டொக்டரிடம் போனோம். வயதான மனிசன். டிலானியோடு நிலத்தில் இருந்து கனநேரம் விளையாடப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் எழும்பிக் கதிரையில் இருந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பிள்ளைக்கு ஓட்டிசமும் இருக்கிறது என்றார். திரேசா நம்பவில்லை. ஒரு வருத்தம் இருக்கிற பிள்ளைக்கு இன்னொன்று எப்படி வரும், கடவுள் ஒன்றுதானே தந்தது என்று, கடையில் சாமான் மாறிவந்த மாதிரி அவரிடம் வாதாடினாள். அவர் இடைமறிக்காமல் கேட்டார். "ஒண்டு வந்த வீட்டுக்கு மற்றது வரக்கூடாது எண்டு ஒரு நியாயமும் இல்லை, அம்மா. இருந்தால் நானும் சந்தோசப்படுவன்."

அடுத்த படகு

நெடுந்தீவில் இருந்து எங்கே போவதென்றாலும் முதலில் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். எஞ்சின் உறுமத் தொடங்கியதும் டிலானி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்குதுறையிலேயே படுத்துவிடுவாள். அவள் சின்னவளாக இருந்தபோது தூக்கிக்கொண்டு ஏறினேன். வளர்ந்த பிறகு ஏலாது. ஒரு கிளினிக் நாளிலும் அப்படித்தான். திரேசா பக்கத்தில் குந்தியிருந்து அவள் முதுகைத் தடவுகிறாள், நான் படகோட்டியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறேன். படகு நிறையச் சனம். எல்லோருக்கும் அங்கால் பஸ் பிடிக்க வேண்டும், கந்தோர் வேலைக்குப் போக வேண்டும். அவர்களில் பிழை இல்லை.

நல்ல சேலை கட்டிய ஒரு பெண் பிள்ளை எழும்பி நின்று எங்களைப் பார்த்தா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் காதில் நிற்கிறது. கிளினிக் நேரம் காலையில்தான், அடுத்த படகு போய்ச் சேரும்போது டொக்டர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? "அண்ணை, நீங்கள் அடுத்த படகில வாங்கோவன். பிள்ளைக்கும் நல்லம், எங்களுக்கும் நல்லம்."

கடைசிச் சொல்

டிலானி பேசாத பிள்ளை என்றுதான் இப்போது ஊர் நினைக்கிறது. அது சரியில்லை. அவளிடம் கொஞ்சச் சொற்கள் இருந்தன. தண்ணி கேட்பாள். ஆட்டைக் கண்டால் சத்தம் போட்டுக் காட்டுவாள். என்னை 'பா' என்பாள். மூன்று வயது கழிந்த பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு நாள் பார்த்தால் வீடு மௌனமாக இருந்தது.

பேச்சுப் பழக்குகிற மிஸ் ஒருத்தி, இளம்பிள்ளை, அக்கறையாக எல்லாம் விசாரித்தா. எப்போது பேசத் தொடங்கினாள், எப்போது நின்றது என்று கேட்டுவிட்டு, கடைசியாகச் சொன்ன சொல் எது என்றும் கேட்டா. நான் திரேசாவைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள்: "அது கடைசி எண்டு எங்களுக்குத் தெரியாது, மிஸ். தெரிஞ்சிருந்தால் ஞாபகம் வைச்சிருப்பம்."

ரீச்சர் வீட்டுக்கு வந்தது

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு ரீச்சர் டிலானியைத் தன் வகுப்பில் இருத்திக்கொண்டா. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தானாகத்தான் கேட்டா. யன்னலோரமாக ஒரு கதிரை போட்டுக் கொடுத்தா. டிலானி அதில் இருந்து கடுதாசியை மெல்லிய கீலங்களாகக் கிழித்துக்கொண்டிருப்பாள். ரீச்சர் வீட்டில் இருந்து பழைய பேப்பர் கொண்டுவந்து கொடுப்பா. ஒரு தவணை முழுக்க அப்படிப் போனது. பிறகு மற்றப் பிள்ளைகள் கூட்டமாகப் பாட்டுப் பாடிய ஒரு நாளில், சத்தம் தாங்காமல் டிலானி தலையை மேசையில் மோதத் தொடங்கினாள். தடுக்கப்போன ரீச்சரின் கையைக் கடித்தும் விட்டாள்.

பின்னேரம் ரீச்சர் எங்கள் வேலிப் படலையடியில் நின்றா. ஒரு கையில் துணி சுற்றியிருந்தது. மற்றக் கையில் டிலானியின் தண்ணீர்ப் போத்தலும் பையும். திரேசா மன்னிப்புக் கேட்கப் போனாள். ரீச்சர் அவளைப் பேசவிடவில்லை. "என்னால ஏலாமல் போச்சுது அக்கா. நான் படிப்பிக்கப் படிச்சனான். இதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை."

குதிரைகளுக்கு நடுவில்

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இந்தப் பிள்ளைகள் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள் காணாமல் போவார்கள். டிலானிக்குப் பத்து வயதிருக்கும். திரேசா குசினிக்குள் உலை வைத்துவிட்டுத் திரும்ப, முற்றத்தில் ஆள் இல்லை. ஊர் முழுக்கத் தேடியது. முதலில் கிணறுகளைப் பார்த்தோம். பிறகு கடற்கரைக்கு ஓடினோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையை எப்படிக் கூப்பிட்டுத் தேடுவது? ஆனாலும் எல்லோரும் பெயரைச் சொல்லிக் கத்தினோம். என்னோடு தொழில் செய்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் தடவித் தடவி நடந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எவ்வளவென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தீவின் தெற்கில் காட்டுக்குதிரைகள் மேய்கிற வெளி இருக்கிறது. அங்கேதான் நின்றாள். நாலைந்து குதிரைகளுக்கு நடுவில், ஒன்றின் வயிற்றோடு காதை வைத்துக்கொண்டு. அந்தக் குதிரையும் அசையவில்லை. கொஞ்சம் தள்ளி ஆடு மேய்க்கிற சவிரிமுத்து அண்ணை கொதிக்கிற வெயிலில் குந்தியிருந்தார். அவர் ஆடுகள் ஒன்றும் பக்கத்தில் இல்லை. ஏன் அண்ணை பிடித்து வைத்திருக்கவில்லை என்று கேட்டேன். "நான் கிட்டப் போனால் குதிரை ஓடும், தம்பி. குதிரை ஓடினால் பிள்ளையும் ஓடும். அதுதான் ஆடுகளை விட்டுட்டு இதிலயே இருந்தனான்."

கலியாண வீடு

மூத்தவள் ரெஜினாவுக்கு ஊர்காவற்றுறையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொடியன் அன்ரன் நல்லவன், ரெஜினாவுக்கும் பிடித்திருந்தது. அவன் தாய் வந்து எல்லாம் பேசி முடித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, முற்றத்தில் நின்ற டிலானியை ஒருமுறை பார்த்தா. பிள்ளையைப் பற்றித் தனக்கு ஒன்றும் இல்லை, கலியாணத்தன்று மட்டும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வராமல் விட்டால் போதும், தங்கள் சனம் கண்டபடி கதைக்கும் என்றா. அன்ரன் தலையைக் குனிந்துகொண்டான். ரெஜினா எழும்பி, அப்படியென்றால் இந்தக் கலியாணமே வேண்டாம் என்றாள். திரேசா அவளைக் கையில் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்து, சத்தம் டிலானிக்கும் ஏலாது, நானே அவளோடு வீட்டில் நிற்கிறேன் என்றாள் திரேசா. அது உண்மைதான். அதனால் யாரும் மறுத்துச் சொல்ல முடியவில்லை.

கலியாணம் எங்கள் ஊர்க் கோயிலிலேயே நடந்தது. ரெஜினாவின் கையைப் பிடித்து நான் நடந்தேன். முன்வரிசையில் தாய் இருக்க வேண்டிய இடத்தில் என் அக்கா இருந்தா. பாட்டும் பூசையும் சாமியார் சம்மதம் கேட்கிற குரலும் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. எல்லாம் முடிய, சனத்துக்குச் சொல்லாமல் நான் வீட்டுக்கு ஓடினேன். திரேசா அறை மூலையில் நிலத்தில் இருந்தாள். டிலானியை முன்னால் இருத்தி, அவள் காதுகளைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்தியிருந்தாள். ஒலிபெருக்கி நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. கலியாணத்துக்கென்று வாங்கிய சேலையைக் கட்டியிருந்தாள். நான் பக்கத்தில் குந்த, அவளே சொன்னாள்: "ரெஜி ஓம் எண்டு சொன்னது வடிவாக் கேட்டது. நீங்கள் ஒருக்கா இருமினீங்கள், அதுவும் கேட்டது."

பூப்போட்ட சட்டை

திரேசாவுக்கு வயிற்றில் வருத்தம் என்று கண்டுபிடித்தபோது பிந்திவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தன் காலாலேயே படகேறிப் போனவளைத் திரும்பப் படகில் பெட்டியில் கொண்டுவந்தோம். டிலானி பெட்டியைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. வந்த சனம், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது, அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று பேசிக்கொண்டது. ஆனால் அன்றைக்கே சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அவள் சாப்பிடுவது வெள்ளைச் சோறும் பருப்பும் மட்டும், அதுவும் திரேசா வாயில் தீத்தினால்தான். நான் தீத்தினேன், முகத்தைத் திருப்பினாள். ரெஜினா தீத்தினாள், சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டாள். திரேசாவின் கோப்பை, திரேசாவின் இடம், திரேசா குழைக்கிற மாதிரியே குழைத்த சோறு, ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்தோம். இரண்டு மூன்று நாளில் கண் உள்ளே போய்விட்டது. காலையில் படகேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தோம், அங்கே ஊசி குத்திச் சேலைன் ஏற்ற வேண்டி வரும். கட்டிப்போட்டால்தான் அவளுக்கு ஊசி ஏற்றலாம் என்பது எனக்குத் தெரியும்.

பின்னேரம் அறைக்குள் போனபோது கதவுக்குப் பின்னால் திரேசாவின் வீட்டுச் சட்டை தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்ட அன்று கழற்றிப் போட்ட பூப்போட்ட சட்டை. அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு அது தோளில் கிடக்கிறது என்ற நினைவில்லாமல் சோற்றுக் கோப்பையோடு டிலானியிடம் போய் இருந்தேன். அவள் மூக்கைச் சுருக்கினாள். கிட்ட வந்தாள். என் தோளில் நெற்றியை வைத்து மணந்து பார்த்தாள். அவள் என் மேல் தலை சாய்த்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அது எனக்கில்லை என்றும் தெரியும். அப்படியே நெற்றியை எடுக்காமல் வாயைத் திறந்தாள். நான் தீத்தினேன். கோப்பை முடியும்வரை தீத்தினேன். குசினி வாசலில் நின்ற ரெஜினா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கோப்பையை வாங்க வந்தபோது மெல்லச் சொன்னாள்: "அப்பா, அம்மான்ர சட்டையைத் தோய்ச்சுப் போடாதேங்கோ."

ஒவ்வொரு நேரமும் தோளில் போட்டுக்கொள்கிற அந்தச் சட்டையில் இப்போது பருப்பு மணத்தைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை, டிலானி அது தெரிந்தும் தெரியாத மாதிரி வாய் திறக்கிறாள், நானும் தெரியாத மாதிரித் தீத்துகிறேன், இப்படி ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு எங்கள் தொழில் பிழையில்லாமல் நடக்கிறது.