பேரருவியில் ஒரு ஷில்லிங் குளியல்

மூன்று வருடமாக லண்டனில் படிக்கிறேன். விடுமுறைக்கு வந்தவன், தென்காசியில் ரயிலை விட்டிறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் பிடித்துக் குற்றாலம் வந்து நிற்கிறேன்.

பேரருவியில் நல்ல தண்ணீர். முகத்தில் சாரல் அடிக்கிறது. எண்ணெய் முதுகுகளுக்கு நடுவே புகுந்து தலையைக் கொடுக்கிறேன். அவசர அவசரமாகத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து துண்டை எடுக்கிறேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி, இன்னும் தலையில் எண்ணெய் வைத்து முடிக்கவில்லை.

"என்ன தம்பி, அதுக்குள்ள வந்துட்டிய? காக்கா குளியல்லா குளிக்கிய!"

எனக்கே அப்போதுதான் உறைக்கிறது. லண்டனில் நான் தங்கியிருக்கும் வீட்டில், குளியலறைச் சுவரில் ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரு ஷில்லிங் போட்டால்தான் வெந்நீர் வரும். காசு தீர்ந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. அதற்குள் சோப்பைக் கழுவியாக வேண்டும். இன்னொரு ஷில்லிங் போட்டால் மறுநாள் மதியம் பட்டினி.

இதை அவரிடம் சொல்கிறேன். சிரிப்பார் என்று பார்த்தால், சிரிக்கவில்லை.

"உங்க அம்மைட்ட இதச் சொல்லிராதிய" என்கிறார். எண்ணெய்க் கையால் என் துண்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறார். "போங்க, போய் நில்லுங்க. இங்கன எவன் வந்து மூடப்போறான்?"

மறுபடி போய் நிற்கிறேன். அருவி இரைகிற இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதுகூடக் கேட்கவில்லை. என் காது மட்டும் அந்த 'டக்' சத்தத்துக்காகக் காத்திருக்கிறது.