பர்ச்சு விருந்தில் விழுந்த சொல்

டுரியான் நெடியும் சாம்பிராணிப் புகையும் தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் மணமும் ஒன்றாகக் கலந்து வந்தால், மலாக்காவின் காஜா பேராங்கில் கம்போங் செட்டிக்கு அடுத்த சந்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த காலம் இன்றைக்கும் என் கண்முன் வந்து நிற்கும். நாடு சுதந்திரம் அடையப்போகிற வருடம் அது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் விடுதலை என்று பொருள்படும் "மெர்டேக்கா"வைக் கத்திப் பழகிக்கொண்டிருந்தோம். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து மலாக்கா டவுனில் தண்ணீர்க்குழாய் வேலை பார்த்த என் அப்பா, சாப்பிட உட்காரும்போதுகூட எங்களை ஒருமுறை அதைச் சொல்லவைத்துச் சிரிப்பார்.

பக்கத்து வீட்டில் மாக் மீனாச்சி இருந்தார். மாக் என்றால் மலாயில் அம்மா. முதன்முதலில் அவரைப் பார்த்தபோது நான் வாயடைத்து நின்றேன். கெபாயா சட்டை, பாத்தேக் சாரோங், பேச்சு முழுக்க மலாய். நெற்றியிலோ பட்டையாகத் திருநீறு.

"மலாய்க்காரம்மா ஏன் விபூதி பூசியிருக்காங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவங்க மலாய்க்காரங்க இல்லடி, செட்டிங்க. எந்தக் காலத்துலயோ கப்பல்ல வந்த நம்ம ஆளுங்க. தமிழ்தான் மறந்து போச்சு," என்றார் அம்மா.

டுரியான் பழுக்கும் காலத்தில் முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பதை அவர்கள் "பர்ச்சு" என்பார்கள். அந்த வருடம் மாக் மீனாச்சி எங்களையும் அழைத்தார். அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் தயாராகி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. படையல் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். செமாபோக்கிலிருந்து வந்திருந்த மாக் மீனாச்சியின் அண்ணன் எங்களைக் காட்டி, யார் இவர்கள் என்று கேட்டார். மாக் மீனாச்சி முகமெல்லாம் சிரிப்பாக, பெருமையோடு சொன்னார்:

"ஓராங் கெலிங், செபெலா ரூமா. ஓராங் பாயேக்."

பக்கத்து வீட்டுக் கெலிங்காரர்கள், நல்லவர்கள் என்று அர்த்தம்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. பிசைந்த கவளத்தை இலையில் போட்டுவிட்டு எழுந்தார். இறந்தவர்களுக்குப் படைத்த சோற்றைப் பாதியில் விட்டு ஒரு மனிதர் எழுந்ததைக் கண்டு அந்த வீடே திகைத்துப் போயிற்று. யாரோ ஒரு கிழவி தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"யாரைப் பார்த்து மாக் அப்படிச் சொல்றீங்க?" என்று தமிழில் கேட்டவர், அவருக்குப் புரியாதென்று தெரிந்து அதையே மலாயில் திரும்பக் கேட்டார்.

மாக் மீனாச்சி ஒன்றும் விளங்காமல் விழித்தார். "கித்தா புன் கெலிங் லா. அபா சாலா?" என்றார். நாமும் கெலிங்தானே, இதில் என்ன தப்பு?

அப்பா கழுவாத கையோடு வெளியே நடந்தார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம்.

அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கடைத்தெருவில் அந்தச் சொல் தமிழர்களான எங்கள் மேல் எறியப்படும் வசவு என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்ட மாக் மீனாச்சியின் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்பதுதான் விளங்கவில்லை. பயமாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் மாக் மீனாச்சி எங்கள் படலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அப்பா வெளியே வந்தால்தான் நகர்வேன் என்பதுபோல் நின்றார். அப்பா போனார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் அப்பா அதைச் சொன்னார், எங்களுக்கே தெரியாத கதையை, உடைந்த மலாயில். தோட்டத்தில் காலைப் "பெரட்டு"க்கு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, நோயாளியான என் தாத்தாவுக்கு லேசான வேலை கொடுக்கும்படி அப்பா கேட்டிருக்கிறார். எதிர்த்துப் பேசியதாகத் தொரைக்குக் கோபம். "நீ யார், சொல்லு," என்றாராம். அப்பா தன் பெயரைச் சொன்னார். அடி விழுந்தது. தொரை மறுபடி கேட்டார். தாத்தா பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை பேர் முன்னாலும், "நான் கெலிங்" என்று அப்பா தன் வாயாலேயே சொல்லும்வரை விடவில்லை.

எங்களை "மெர்டேக்கா" சொல்லவைத்துச் சிரித்த அப்பாவா இவர்? அம்மா அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அன்றுதான் தெரியும்.

 "குவா தா தாவ்," என்றார் மாக் மீனாச்சி. எனக்குத் தெரியாது என்று அர்த்தம். பாவம், அவர் பேச்சில் எங்களைக் குறிக்க வேறு சொல்லே கிடையாது. பிறந்ததிலிருந்து அவர் அறிந்தது அது ஒன்றுதான். "ஹாபேஸ், குவா மாவ் பங்கில் லு அபா?" என்று மெல்லக் கேட்டார். அப்படியானால் உன்னை நான் என்னவென்று கூப்பிடுவது?

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆடேக்," என்று மாக் மீனாச்சியே சொன்னார். தம்பி.

அப்பா படலைத் திறந்தார்.

அப்பா இறந்த அன்று, கூட்டத்தில் சேலை கட்டிய பெண்களுக்கு நடுவே கெபாயாவோடு உட்கார்ந்து "ஆடேக், ஆடேக்" என்று அழுதவர் அவர் ஒருவர்தான். இப்போது அவரும் இல்லை. பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள். எங்கள் சந்தில் அந்த இரண்டு வீடும் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. போன மாதம் பழைய டவுனில் அந்தக் காலத்தில் நம் ஊர் முஸ்லிம் வணிகர்கள் கட்டிய ஒரு பள்ளிவாசலின் பெயர்ப் பலகையில் "கெலிங்" என்ற அந்தச் சொல்லை என் பேரன் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ என்று நான் பதறித் திரும்பிப் பார்த்தேன்.