மூன்று மூலைச் சோறு

அன்று பங்களாவின் பின்பக்கச் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜப்பான் துரைசாணி, பட்லர் அண்ணன், பெரிய கிளார்க் ஐயா, என் அம்மா, நான். துரை ஃபாக்டரியில் இருந்தார், அதனால் அவரைச் சேர்க்கவில்லை. யாரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் ஆட்களை முதலிலேயே எழுதிவிட்டேன். மேசைமேல் மூடி திறந்தபடி ஒரு பாட்டில் கறுப்பு எள் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் அது. சூரியநெல்லிக்கு மேலே இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு, கொழுந்தை ஆவியில் அவித்துப் பச்சை நிறம் மாறாமல் உலர்த்தும் மெஷினோடு ஒரு ஜப்பான் துரை வந்தார். அவர் மனைவியைத்தான் துரைசாணி என்றோம். வந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பாதை இடிந்தது, பஸ் மேலே ஏறாமல் சூரியநெல்லியோடு நின்றது. வெளியே போனால் அட்டை, இருட்டினால் யானை என்று துரை அவரைப் படி இறங்க விடவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். மஞ்சு மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பங்களா வேலைக்கு வந்த நான் அவர் பின்னால் துணியோடு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எனக்கும் படி இறங்க அனுமதி. அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். என்னைப் பார்த்தால் அவருக்கும் அப்படி இருந்ததோ என்னவோ.

பொழுது போகாமல் அவர் தன் ஊர்ச் சாப்பாட்டைச் செய்ய ஆரம்பித்தார். முட்டையை மெல்லிய தோசை போல ஊற்றிச் சுருட்டி ஓரத்தில் தள்ளி, அதை ஒட்டி மறுபடி ஊற்றி, மறுபடி சுருட்டுவார். "முட்டையில பாய் முடையத் தெரிஞ்ச ஒரே பொம்பள இவுகதான்" என்பார் பட்லர் அண்ணன். வன்பயறு என்ற சிவப்புத் தட்டைப்பயறைக் குழைய வேகவைத்து, சீனி போட்டுக் கிளறி, உருட்டி, இடித்த பச்சரிசி மாவில் பொதிந்து ஓர் இனிப்பு. எங்கள் கொழுக்கட்டைக்கு அக்கா தங்கச்சி முறை. தேங்காய்தான் இல்லை. அதோடு சீனி போடாத பச்சைத் தேயிலைத் தண்ணீர் குடிப்பார். எனக்கும் ஒரு கிண்ணம் தருவார். கசக்கும். குடிக்காவிட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று குடித்துவிடுவேன். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது சோற்றுருண்டை. உப்புத் தண்ணீரில் கையை நனைத்து, சுடுசோற்றை அள்ளி, மூன்று மூலையாக அழுத்தி, கறுப்புக் காகிதம் போன்ற உலர்ந்த கடல்பாசியை அதன்மேல் சுற்றுவார்.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டுப் பாடு வேறு. அம்மாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி, கொழுந்து கிள்ளப் போக முடியவில்லை. அப்பா செத்து இரண்டு வருடம். செக்ரோலில், அதாவது எஸ்டேட் கூலிப் பதிவேட்டில், பேர் உள்ள ஆள் இல்லாத குடும்பத்துக்கு லயத்து வரிசை வீட்டில் இடம் இல்லை. பங்களா வேலைக்குச் செக்ரோலில் பேர் கிடையாது. மாதம் முடிவதற்குள் என் பேர் ஏறாவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பேர் ஏற்றுகிறவர் பெரிய கிளார்க். பாலக்காட்டுக்குக் கிழக்கே வயல் உள்ள குடும்பம். அவரோ முதல் போக அறுப்புக்கு அன்று மத்தியானம் ஊருக்குப் புறப்படுகிறார். மாதம் முடிந்துதான் வருவார்.

பங்களாச் சாமான் கணக்கைப் பட்லரிடம் சரிபார்க்க அவர் வந்தபோது, அம்மா பின்வாசலில் இருமிக்கொண்டே கும்பிட்டாள். "அய்யா, இந்தப் புள்ள பேரப் போட்டுட்டுப் போங்கய்யா. எங்களுக்குப் போக்கிடம் ஏதுய்யா?"

"நா என்னமோ மாட்டேன்னா சொன்னே? ஊட்டுக்குப் போயிட்டு வந்து பாக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறேன்ல."

அவர் தூரப் பயணம் போகிறார் என்று பட்லர் அண்ணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னதும் துரைசாணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வழிக்குச் சோறு கட்டிக்கொடுப்பது அவர்கள் வழக்கமாம். கடல்பாசி டப்பாவைத் திறந்தால் ஈரத்தில் பூசணம் பூத்திருந்தது. சுற்றும் முற்றும் பார்த்து எள் பாட்டிலை எடுத்தார். அன்றைக்கென்று புழுங்கலரிசிச் சோறு. மூலை நிற்கவில்லை, உதிர்ந்தது. என்னைக் கூப்பிட்டு உருட்டச் சொன்னார். எனக்குத் தெரிந்தது உருண்டைதான். நான் உருட்ட உருட்ட அவர் எள்ளைத் தூவி வாழையிலையில் வரிசையாக வைத்தார்.

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் ஆடி அமாவாசைக்குப் பக்கத்து லயத்து ஆட்கள் ஓடைக்கரையில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். வாழையிலை, சோற்றுருண்டை, கறுப்பு எள். செத்தவர்களுக்கு வைப்பது. சொல்ல வேண்டும். எந்தப் பாஷையில் சொல்வது? "நோ, நோ" என்றேன். துரைசாணி எனக்குக் கூச்சம் என்று நினைத்து, தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இலையை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து கிளார்க் ஐயாவிடம் நீட்டினார்.

கிளார்க் ஐயா இரண்டடி பின்வாங்கினார்.

"ஏம்புள்ள, ஆருக்கு இது? பொறப்படற நேரத்துல ஆருக்குப் பிண்டம் வெக்கறீங்க? எனக்கா?"

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். போச்சு, வீடு போச்சு என்று நினைத்தேன். பட்லர் அண்ணன் கண்ணை மூடி, கையை மார்பில் வைத்து, செத்த பிணம் மாதிரி நடித்து துரைசாணிக்கு விளக்கினார். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு யாரும் எதிர்பாராமல் ஓர் உருண்டையை எடுத்து எள்ளோடு முழுசாகத் தின்றார். இன்னொன்றை எடுத்து என் வாயில் வைத்தார். அழுதுகொண்டே மென்றேன்.

"தின்னுபுட்டா சகுனம் மாறீருமா?" என்று கிளார்க் ஐயா குடையை எடுத்தார். ஆனால் அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. அன்று போகவில்லை, அந்த வாரமே போகவில்லை. ஆபீசில்தான் இருந்தார். அம்மா தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். மாதக் கடைசியில், இருமல் சத்தம் பொறுக்க முடியாமலோ என்னவோ, "இந்தா, போட்டாச்சு. இனி அந்தப் பங்களாச் சோறு எம்பக்கம் வரப்படாது" என்று சொல்லிப் பேரை ஏற்றினார்.

விஷயம் தெரிந்த அன்று துரைசாணி வன்பயறு இனிப்பு செய்து அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார். பாதை திறந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். ஜீப் ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்தது பங்களாவையா என்னையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் போனார். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். ஏறிய பேர் இறங்கவே இல்லை. அந்த வீட்டுக்காக வேலை, அந்த வேலைக்காக வீடு. கல்யாணமும் பிள்ளைப்பேறும் அதே லயத்தில். ராத்திரி மழை பெய்தால், அன்று அவர் பஸ் ஏறிப் போயிருந்தால் நாங்கள் எங்கே இருந்திருப்போம் என்று யோசிப்பேன். தெருவில்தான். ஆனாலும் யோசிப்பேன்.

என் மகள் திருப்பூருக்கு வேலைக்குப் புறப்பட்ட காலையில் பச்சரிசிச் சோறு வைத்தேன். பஸ் பள்ளத்தில் விழுந்துவிடுமோ, போன இடம் எப்படியோ, இவள் இங்கேயே இருந்தால்தான் என்ன என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. உப்புத் தண்ணீரில் கை நனைத்து உருட்டினேன். கை தானாக எள் பாட்டிலுக்குப் போனது. மூடியையும் திறந்துவிட்டேன்.

"என்னம்மா, இன்னுமா சோறு கட்டுற? ஜீப்புக்காரன் ஹார்ன் அடிக்கான்" என்றாள் வாசலிலிருந்து.

மூடியைத் திருகி அலமாரியில் வைத்தேன். உருண்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூன்று மூலை செய்தேன். ஒன்றும் தூவாமல், வெள்ளை வெளேரென்று இலையில் கட்டி அவள் கையில் கொடுத்தேன்.