குட்டை ஷாக் அப்சார்பர்

ராணிப்பேட்டை ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் இரண்டு ஷாக் அப்சார்பர்களைக் காட்டி, "நீளமா, குட்டையா?" என்று கேட்டார். என் மகன் ஆசையாக உயரம் குறைத்து வைத்திருக்கும் பழைய சின்ன கார் அது. அவன் யோசிப்பதற்குள் நான் "குட்டை" என்றேன். கசிந்த எண்ணெயின் வாசனை என்னை எண்பதுகளின் ஆம்பூருக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்பா அங்கே ஒரு தோல் தொழிற்சாலை முதலாளியின் டிரைவர். சின்ன முதலாளி ஸ்டைலுக்காக ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்திவிட்டான். சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"ஷாக் அப்சார்பரையும் குட்டையா மாத்தணும் தம்பி" என்றார் அப்பா. "பழசு நீளம் ஜாஸ்தி. பள்ளத்துல இடிச்சி ஒடஞ்சிடும்."

"ஓட்டுறது மட்டும்தான் உன் வேலை" என்றான் அவன்.

அடுத்த வாரமே மாதனூர் அருகே ஒரு பள்ளத்தில் அது உடைந்தது. அப்பா ஓட்டிய கார் புளியமரத்தில் மோதி, முதலாளியம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது.

"இவரு ஒண்ணுமே சொல்லலப்பா" என்று முதலாளியிடம் சொன்னான் சின்ன முதலாளி.

"சொன்னேங்க. என் பொண்ணும் கேட்டுக்கினு இருந்தா" என்றார் அப்பா.

அப்பாவோடு போயிருந்த என் பக்கம் முதலாளி திரும்பினார். "அப்பா இன்னா சொன்னாரும்மா?"

சின்ன முதலாளி என்னையே முறைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பத்து வயது. "தெரியாதுங்க" என்றேன்.

அன்றோடு அப்பாவின் வேலை போனது. பிறகு ஊரில் யாரும் அவரிடம் கார் சாவியைக் கொடுக்கவில்லை. சாகும்வரை சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் அலசினார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஒனக்கு எப்பிடிமா இதெல்லாம் தெரியும்?" என்று மகன் கேட்டான்.

"யாரோ சொல்லிக் கேட்டதுடா" என்றேன்.