கத்திரிக்காய்க்குத் தடை விதித்த வீடு

உளவு பார்த்ததற்குக் கூலியாக நான் தின்ற புரோட்டாக்கள் மொத்தம் இரண்டு. அந்த உளவில் நான் எதையுமே பார்க்கவில்லை என்பதை அப்பாவிடம் சொல்ல வேண்டிய தேவை இன்றுவரை வரவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சிக்குப் பிரசிடெண்டு தேர்தல் வந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. லாரி வைத்திருந்த காண்ட்ராக்டர் தன் மனைவியைப் பூட்டு சாவிச் சின்னத்தில் நிறுத்தினார். ஓட்டலாக மாறிய பெரிய வீடுகளுக்கெல்லாம் ஊருணிக்கரை போர்வெல்லிலிருந்து தண்ணீர் கொண்டுபோனது அவருடைய லாரிகள்தான். எங்கள் தெருக்குழாய் வெறும் காற்றை விட்டது.

"இன்னும் அஞ்சு வருசம் இவுக கையில போச்சுன்னா ஊருணியில மண்ணுதேன் மிஞ்சும்" என்று குடத்தை இறக்கும்போதெல்லாம் அத்தை சொல்வாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அவள் நம்பிக்கையெல்லாம் எதிர்த்து நின்ற தையல்காரக்கா மேல். அந்த அக்காவின் சின்னம் கத்திரிக்காய்.

காண்ட்ராக்டர் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆணாக வந்து, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, தங்கள் வீட்டு ஓட்டு அத்தனையும் பூட்டு சாவிக்குத்தான் என்று சத்தியம் செய்தார்கள். அப்பாவும் செய்தார். அதோடு விடாமல், தேர்தல் முடியும்வரை எங்கள் வீட்டில் கத்திரிக்காய் அடுப்பேறக் கூடாது என்று உத்தரவும் போட்டார். எனக்குக் கத்திரிக்காய் ஆகாது. ஆகவே நாடு நல்ல வழியில் போவதாகவே எனக்குப் பட்டது.

அத்தை அசரவில்லை. "சூடத்த அணைச்சது உங்க கைதானண்ணே? குத்தப்போறது எங் கை."

"ஊருக்குக் கட்டுப்படணும்ல, ஆத்தா?"

"நாங்க குடம் தூக்கையில இந்த ஊரு எங்கிட்டுப் போயிருந்துச்சாம்?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெண்களை நம்பாத காண்ட்ராக்டர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஓட்டுப் போடப் போகும் பெண்களோடு வீட்டுக்கு ஒரு பிள்ளை போக வேண்டும். எதில் குத்தினார்கள் என்று பார்த்துச் சொல்கிற பிள்ளைக்குப் புரோட்டா. எங்கள் வீட்டு ஒற்றர் நான். அம்மா சாது என்று பேரெடுத்திருந்ததால், கண்காணிப்பு அத்தைக்கு மட்டும்.

வாக்குச்சாவடி அதிகாரி தடுத்தார். "பிள்ளைக்கு ஓட்டு இல்லம்மா."

"தனியா நிக்கப் பயப்படுதுங்க சார்" என்றாள் அத்தை. எதுக்கும் பயப்படாத கழுதை என்று தினமும் என்னை ஏசுகிறவள்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனதும் அவளுடைய இடது கை என் கண்களைப் பொத்தியது. குடம் தூக்கிக் காய்த்துப்போன கை. விரலிடுக்கில் பொட்டு வெளிச்சம் வரவில்லை. டொக்கென்று முத்திரை விழுந்தது. தாள் மடியும் சத்தம் கேட்டது. பிறகு கையை எடுத்தாள்.

"பாத்தியா?"

தலையாட்டினேன்.

"என்னத்தப் பாத்த?"

புரோட்டாவை நினைத்துக்கொண்டேன். "பூட்டு சாவி."

"கெட்டிக்காரி" என்றாள்.

ஓட்டு எண்ணி முடித்தபோது தையல்காரக்கா ஜெயித்திருந்தார். வீடு வீடாக விசாரித்துக்கொண்டே காண்ட்ராக்டர் எங்கள் வாசலுக்கும் வந்தார். அப்பா என்னை முன்னால் தள்ளி, "பிள்ளையவே கேளுங்க" என்றார்.

"பூட்டு சாவிதான். எங் கண்ணால பாத்தேன்" என்று கண்ணை உருட்டினேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லா வீட்டுப் பிள்ளையும் இதத்தானய்யா சொல்லுது! ஊர்ல இருக்க பொம்பளைக மொத்தத்தவிட அந்தத் தையக்காரிக்கு விழுந்த ஓட்டு கூட இருக்கே, அது எப்புடி?"

"அதானே!" என்றார் அப்பா.

மறுநாள் காரைக்குடிச் சந்தைக்குப் போய்வந்த அப்பா, பையை அத்தை முன்னால் கவிழ்த்தார். அத்தனையும் கத்திரிக்காய். அத்தை அரிவாள்மனையை எடுத்தாள். அப்பா இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் என் தட்டில் விழுந்த துண்டுகளை ஓரமாக ஒதுக்கியபடி, சின்னப் பிள்ளை சொல்வதை நம்பி இப்படி ஏமாறுகிற மனிதரை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பம் எப்படிப் பிழைக்கப்போகிறதோ என்று கவலைப்பட்டேன்.