கிள்ளான் ரயிலடியில் ஒரு நீண்ட ஜெபம்

மலாயாவின் கிள்ளான் ரயிலடியில் சபையார் என்னையும் மனைவியையும் சூழ்ந்து நிற்கிறார்கள். இருபது வருடம் இவர்களுக்குப் போதகராக இருந்தேன். இனிமேல் போதகராகப் போகிறவர்களுக்குப் பாடம் சொல்ல சிங்கப்பூர் போகிறேன். மகள் லில்லி மட்டும் பெட்டியில் ஏறிவிட்டாள். ரப்பர் தோட்டத்து யாக்கோபு கங்காணி வழியனுப்பு ஜெபம் தொடங்க, எல்லோரும் கண்ணை மூடுகிறோம். ஒவ்வொரு தோட்டத்தின் பேரையும் சொல்லி, ஜெபம் தோட்டம் தோட்டமாகப் போகிறது.

"அப்பா! வண்டி போகுது!"

கண்ணைத் திறந்தால், லில்லி நகர்ந்துகொண்டிருக்கிறாள். நானும் மனைவியும் ஓடி, எப்படியோ தொற்றிக்கொள்கிறோம்.

"இவ்வளவு நீளமாவா ஜெபம் பண்றது, கங்காணி?"

தொப்பியைப் பிடித்தபடி கூடவே ஓடிவருகிறார். "எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் ஐயா! ஆமென் நாங்க சொல்லிக்கிறோம், நீங்க போங்க!"

லில்லியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறேன். எல்லோரும் மறுபடி கண்ணை மூடி நிற்கிறார்கள். கையசைக்க ஒருவரும் இல்லை.